திதிக்கு விட்ட இடம்

சின்னம்மாவின் இளைய மகன், என் தம்பி, அவன் கையில் இருந்த காப்பை முதலில் கண்டது அம்மாதான். கொழும்பு பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் சின்னம்மாவின் உடலை வைத்திருந்த இரண்டாம் நாள் அது. ரொறன்ரோவில் இருந்து அன்று அதிகாலை வந்து இறங்கியவன், கட்டுநாயக்காவில் இருந்து நேரே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். அழவில்லை. தாயின் நெற்றியில் கை வைத்தபோது சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டில் ஒரு தகடு மின்னியது. “என்னடா, சீனி வருத்தமோ?” என்றார் அம்மா. வெளிநாட்டுச் சீனி வருத்தக்காரர்கள் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிவதை அவர் கண்டிருக்கிறார். அவன் கையைத் திருப்பிக் காட்டினான். பொடி எழுத்தில் ஆங்கிலம். நான்தான் வாசித்தேன். ஒரு தொலைபேசி இலக்கம். உடனே அழைக்கவும், உடலை ஐஸால் குளிர்விக்கவும், பிரேதப் பரிசோதனை கூடாது, எம்பாம் பண்ணக் கூடாது.

எம்பாம் பண்ணக் கூடாது என்ற வரியை, எம்பாம் பண்ணிக் கிடத்தியிருந்த தாயின் தலைமாட்டில் நின்று வாசித்தேன். அவன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் பண்ணினோம்.

இரவு கூட்டம் குறைந்த பிறகு, வெளியே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து பிளேன்ரீ குடித்தபடி விளக்கினான். அரிசோனாவில் ஸ்கொட்ஸ்டேல் என்ற ஊரில் அல்கோர் என்றொரு அமைப்பு, 1972 இல் தொடங்கியது. ஒருவர் இறந்துவிட்டார் என்று சட்டப்படி சொன்ன அடுத்த நிமிடமே அவர்களுடைய ஆட்கள் வேலையைத் தொடங்குவார்கள். உடலைக் குளிரவைத்து, இரத்தத்தை எடுத்துவிட்டு, பனி ஊசிகள் உண்டாகாமல் கண்ணாடி போல இறுகச் செய்யும் ஒரு திரவத்தை ஏற்றி, கடைசியில் மைனஸ் 196 பாகை திரவ நைதரசனில் தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். என்றாவது மருத்துவம் வளர்ந்து எழுப்பட்டும் என்று. 1967 ஜனவரியில் இப்படி உறைய வைக்கப்பட்ட முதல் மனிதர், ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர், இப்போதும் அங்கேதான் இருக்கிறாராம். இதுவரை ஒருவரும் எழும்பவில்லை. முழு உடலுக்கு இரண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல், தலை மட்டும் என்றால் அதில் பாதியும் இல்லை. ஆயுள் காப்புறுதி ஒன்றை எடுத்து அவர்கள் பெயருக்கு எழுதிவிட்டால் மாதக் கட்டுக்காசோடு அலுவல் முடிந்தது. “காருக்குக் கட்டுறதைவிடக் குறைவு அண்ணா.”

பக்கத்துக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா நித்திரை என்று நினைத்தோம். நித்திரை இல்லை. “மனுசியும் பிள்ளையும் வருகினமோ?” என்றார். அவன் தலையை ஆட்டினான். மனைவி கையெழுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டாளாம். அம்மா முப்பத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்தவர், விடுவாரா? “இந்திரர் அமிழ்தம் இயைவது ஆயினும், இனிதெனத் தமியர் உண்டலும் இலரே” என்று புறநானூற்றை எடுத்து வைத்தார். அமிழ்தமே கிடைத்தாலும் தனியே தின்னாதவர்களால்தான் உலகம் நிற்கிறது. பாடியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அமிழ்தத்தைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்ன மனிதரை நாங்கள் நினைவு வைத்திருப்பது, அவர் எப்படிச் செத்தார் என்பதைக் கொண்டுதான்.

பிறந்திளைத்தேன்

கொழும்பில் ஒரு லேனுக்குள் இருந்துகொண்டே நாலு விதமான சாவைப் பார்க்கலாம். எங்கள் தொடர்மாடிக்கு முன்வீட்டில் சிங்களப் பெரியவர் ஒருவர் இறந்தபோது லேன் முழுக்க வெள்ளைக் கொடி, முகப்பில் ‘அனிச்சா வத சங்காரா’ என்ற பதாகை, ஏழாம் நாள் தானம். மேல் வீட்டு முஸ்லிம் அம்மா காலையில் மௌத்தானார், அசர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சின்னம்மாவை நாலு நாள் வைத்திருக்கிறோம் என்றபோது அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்தார், ஆனால் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. 2020 இல் கொரோனாவில் இறந்த அவர்களுடைய சனத்தைக் கட்டாயமாக எரித்த மாதங்களில் இதே மனிதருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் படியில் ஒதுங்கிப் போயிருக்கிறேன். உடம்பை என்ன செய்வது என்பதில் ஒருவருக்கு இருக்கும் பிடிவாதத்தைச் சிரிக்கிற விஷயமாக எடுக்கக் கூடாது என்று அப்போதே படித்திருக்க வேண்டும்.

ஆனால் தம்பியின் காப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நாள் கிரியையில் சிவபுராணம் பாடினார்கள். “எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்” என்ற இடம் வந்தபோது முழங்கையால் அவனை இடித்தேன். கேட்டாயா என்பது போல. புல்லாகி, பூடாகி, புழுவாகி, மரமாகி, எல்லாமாகப் பிறந்து களைத்துப்போனவனின் குரல் அது. சாகாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதில்லை, திரும்பத் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டோம், முடிவில்லாமல் இருப்பது எங்களுக்கு வரம் அல்ல, வியாதி. இப்படியெல்லாம் ஒரு காலத்தில் நான் பெருமையாக எழுதியும் இருக்கிறேன். தம்பி குனிந்து என் காதுக்குள் சொன்னான்: “ஆர் அண்ணா இளைச்சது? எனக்கு இன்னும் ஒண்டே முடியேல்லை.”

யோசித்தால் நான் எழுதியது அரைவாசிதான் உண்மை. உடம்பை வளர்த்தேன் உயிர் வளர்த்தேனே என்ற திருமூலரும் எங்கள் ஆள்தான். மரணமிலாப் பெருவாழ்வு என்று பாடி, 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட வள்ளலாரும் எங்கள் ஆள்தான். வெள்ளவத்தையில் இருந்து கிட்டத்தில் இருக்கும் சிரஞ்சீவி வேறு யார், களனியில் கோயில் கொண்டிருக்கும் விபீஷணர். அண்ணன்மார், அண்ணன் பிள்ளைகள், ஊர்ச்சனம் என்று அத்தனை பேரையும் கொடுத்துவிட்டுச் சாகாமல் இருக்கிறார். அந்தச் சந்நிதிக்குப் போகும்போதெல்லாம், இவரிடம் நீண்ட ஆயுள் கேட்பவர்கள் அவருடைய முகத்தை ஒருமுறை வடிவாகப் பார்த்தார்களா என்று எனக்குத் தோன்றும்.

அன்று மாலை தகனசாலையில் இருந்து திரும்பும்போது, படித்தவர்கள் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். சாவு இருக்கிறபடியால்தான் வாழ்க்கைக்கு ஒரு பெறுமதி, முடிவு இல்லாத கதையை யார் வாசிப்பார்கள், அது இது என்று. தம்பி ஜன்னலால் கனத்தை மயானத்துச் சுற்றுமதிலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு அமைதியாகக் கேட்டான்: “இதை அம்மாவுக்குச் சொல்லியிருப்பியளோ, அண்ணா?”

வாய் மூடிவிட்டது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முதல் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் அம்மாவுக்கு நெஞ்சடைப்பு வந்து அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, டொக்டருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ‘என்ன செலவானாலும் செய்யுங்கோ’ என்று நின்றவன் நான். 83 வயதுக் கதைக்கு முடிவு நல்லது என்று அந்த நடைபாதையில் எனக்குத் தோன்றவே இல்லை.

“அவர் எந்த நாடு?”

சின்னம்மாவுக்கு இரண்டு பெடியன்கள். இளையவன் இந்தக் காப்புக்காரன். மூத்தவனை நாங்கள் பெரியவன் என்போம். 2008 இல் ஒரு நாள் காலை வேலைக்கென்று வெள்ளவத்தையில் பஸ் ஏறினவன். அந்த ஆண்டுகளில் கொழும்பில் இருந்தவர்களுக்கு மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. அவனுக்கு அப்போது 27 வயது.

அதற்குப் பிறகு சின்னம்மா பதினேழு வருடம் அதே தொடர்மாடியில் இருந்தார். இளையவன் எத்தனை முறை ஸ்பொன்சர் செய்தும் கனடா போகவில்லை. வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை மாற்ற விடவில்லை. பெரியவனுக்குத் தெரிந்த இலக்கம் அது ஒன்றுதானே. ஆணைக்குழுக்கள் வந்த நேரமெல்லாம் ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு போனார். மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அவரோடு சின்னம்மா பிறகு கதைக்கவில்லை. அந்தியேட்டி இல்லை, ஆட்டைத் திவசம் இல்லை. செய்வதற்கு ஒரு திதி வேண்டுமே. சின்னம்மா ஒருத்தி அல்ல. 2017 பெப்ரவரியில் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சியில் கொட்டகை போட்டு இருந்த தாய்மாரில் பலர், பிள்ளைக்கு ஒரு எள்ளுத் தண்ணி விடாமலே தாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சின்னம்மா இறந்த அன்று மரண அறிவித்தல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அந்தப் பாஷை எங்களுக்கு மனப்பாடம். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும். மேசைக்கு முன்னால் இருந்து மளமளவென்று எழுதினேன். பிள்ளைகளின் பெயருக்கு வந்தபோது, பெரியவனின் பெயருக்கு முன்னால் என் கை ‘காலஞ்சென்ற’ என்று எழுதிவிட்டது. யோசித்து எழுதவில்லை. பதினேழு வருடம், கை தானாக எழுதியது. தம்பி அப்போது ரொறன்ரோ விமான நிலையத்தில் இருந்தான். சரி பார்க்கட்டும் என்று தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணா, அந்தச் சொல்லை எடுங்கோ.”

எடுத்தேன். எடுத்த பிறகுதான் அடுத்த சிக்கல். எங்கள் அறிவித்தல்களில் உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு இடத்தை எழுதுவது வழக்கம். கனடா, லண்டன், பிரான்ஸ். விளம்பரம் எடுக்கிற பிள்ளை, இருபது வயது இருக்கும், பேனையைப் பிடித்துக்கொண்டு பணிவாகக் கேட்டாள்: “ஐயா, மூத்த மகன் எந்த நாடு?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று இந்தக் கட்டுரை எழுதும்வரை எனக்குத் தெரியவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்று போடலாம், சிலர் போடுகிறார்கள். சின்னம்மா அதற்கும் சம்மதித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். அது அரசாங்கத்துக்கு எழுதுகிற கடிதத்தில் வரும் சொல், தாய்க்கு அது ஒரு பெயர் அல்ல. கடைசியில் முன்னாலும் ஒன்றும் இல்லாமல், பின்னாலும் ஒன்றும் இல்லாமல், வெறும் பெயரை மட்டும் அச்சிட்டோம். செத்தவீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தக்கார ஐயா ஒருவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, “மூத்தவர் வரேல்லையோ, விசாப் பிரச்சினையோ?” என்று விசாரித்தார். ஓம் ஐயா, விசாப் பிரச்சினைதான் என்றேன். தம்பி கேட்டுக்கொண்டு நின்றான்.

காரில் அவன் கேட்ட கேள்விக்கு இப்போது அர்த்தம் விளங்கும். சாவு இருந்தால்தான் வாழ்வுக்குப் பெறுமதி என்று சின்னம்மாவுக்கு யார் சொல்வது? சாவைக்கூட அவருக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. மரணத்தை ஏற்றுக்கொள்ளும் பண்பாடு எங்களுடையது என்று பீற்றிக்கொள்கிற நானே அதை ஏற்றுக்கொண்டது, ஒவ்வொரு முறையும் ஒரு உடம்பும் ஒரு நாளும் கையில் இருந்தபடியால்தான்.

அன்றிரவு தம்பி அந்தப் பேப்பர் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி சொன்னான். பகிடி போலத்தான் சொன்னான். “எனக்கெண்டால் அடைப்புக்குறிக்குள்ளை போட ஒரு இடம் இருக்கும் அண்ணா. அரிசோனா எண்டு போடலாம். இலக்கமும் இருக்கும்.”

நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். பேராசை, சிலிக்கன் பள்ளத்தாக்குப் பணக்காரர்களைப் பார்த்துத் தொற்றிய கிறுக்கு, மகனுடைய பிளாஸ்மாவைத் தன் உடம்பில் ஏற்றிப் பார்த்த பிரையன் ஜோன்சன் வகையறா. அந்தச் சனத்தைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. தம்பி கட்டுகிற காசும் வீண் காசு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மூளையைக் கண்ணாடியாக்கித் திரும்ப மூளையாக்குவது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. ஆனால் அந்த அமைப்பில் உறைந்திருப்பவர்களைப் பிரேதம் என்று சொல்வதில்லையாம், நோயாளி என்றுதான் சொல்வார்களாம். மரணச் சான்றிதழ் உள்ள நோயாளிகள். மரணச் சான்றிதழ் இல்லாத ஒருவனின் சாப்பாட்டுக் கோப்பையைத் தாய் கழுவிக் கழுவி வைத்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, அது எப்படிக் கேட்டிருக்கும்?

கனிச்சீர்

தம்பி ஐந்து கிழமை லீவில் வந்தவன், முப்பத்தோராம் நாள் வரை நின்றான். கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலரை அடிக்கிற வேலையை அம்மா தன் கையில் எடுத்துக்கொண்டார். தேவாரம், வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. இறந்த ஆண்டையும் பக்கத்தையும் திதியையும் சொல்லும் திதி வெண்பா மட்டும் முடியவில்லை. சின்னம்மா போன ஆண்டின் பெயர் விசுவாவசு. நிரை நேர் நிரை, புளிமாங்கனி. வெண்பாவுக்குள் கனிச்சீர் வரக் கூடாது. சொல்லை உடைத்து ‘விசுவா வசுவாண்டு’ என்று எழுதலாம், பழைய புலவர்களே செய்திருக்கிறார்கள். ஆனால் வகையுளி என்பது கை வராதவர்கள் செய்கிற வேலை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அம்மா. மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கடதாசியைக் கிழித்துக் கிழித்துப் போட்டார். நாலாம் நாள் உடைத்துத்தான் எழுதினார். “தங்கச்சிக்குச் சொல்லை வெட்டவேண்டி வந்திட்டுது” என்றார். செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை.

அச்சகத்தில் இருந்து புரூஃப் வந்த அன்று, தம்பி வம்சாவளிப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தான். எங்கள் கல்வெட்டு வம்சாவளியில் காலஞ்சென்றவர் என்றும் இருப்பவர் என்றும் பிரிப்பதில்லை, அடைப்புக்குறியும் இல்லை. பூட்டனில் இருந்து தம்பியின் மூன்று வயது மகள் வரை எல்லோரும் ஒரே அளவு பெட்டிக்குள் வெறும் பெயர். பெரியவனின் பெட்டி தம்பியின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் எழுத்துப் பிழை தேடுகிறவன் போல அந்தப் பக்கத்தை நெடுநேரம் வைத்திருந்தான். பிறகு ‘சரி’ என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்த மேசையில்தான் அம்மா எழும்பிப் போய், அலுமாரிக்குள் தன்னுடைய கடைசிப் பயணத்துக்கென்று எடுத்து வைத்திருக்கும் கூறைச் சேலைக்கு அடியில் இருந்து ஒரு சீஆர் கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். சேலை இருப்பது எனக்குத் தெரியும். கொப்பி தெரியாது. உள்ளே தனக்குத் தானே எழுதி வைத்த திதி வெண்பா. ஆண்டுக்கு ஒரு கீறல், வளர்பிறை தேய்பிறைப் பக்கத்துக்கு ஒரு கீறல், திதிக்கு ஒரு கீறல். மிச்சமெல்லாம் தளை தட்டாமல் நின்றது.

“பிறகு உங்களுக்கு எழுதத் தெரியாது. நானே எழுதி வைச்சிட்டன், நீ இடத்தை நிரப்பினால் காணும்” என்றார் என்னைப் பார்த்து.

“எந்தத் திதி வந்தாலும் அடங்குமோ, பெரியம்மா?” என்று தம்பி கேட்டான். கணினிக்காரன், இப்படியான கேள்விதான் அவனுக்கு வரும்.

“அதுதானேடா கரைச்சல். ஏகாதசி மரணம், துவாதசி தகனம் எண்டு சொல்லுவினம். ஆனால் ஏகாதசி தேமாங்கனி, உள்ளை விடாது. துவாதசி கருவிளம், அது நல்லாய் அடங்கும். அமாவாசையும் பிழையில்லை.”

“ஆண்டு?”

அம்மா சுவரில் கிடந்த பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தார். “இந்த வருசம் ஏலாது. விசுவாவசுவோடை ஒருக்காப் பட்டது காணும். அடுத்தது பராபவ. சீர் சரி, ஆனால் தோல்வி எண்டு கருத்து, எனக்கு வேண்டாம். அதுக்கடுத்தது பிலவங்க. குரங்கு.” விரலை மடித்துக்கொண்டே போனார். கீலக, சௌமிய, சாதாரண. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு குறை இருந்தது. ஒன்றில் ஓசை பிடிக்கவில்லை, ஒன்றில் பொருள் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு இடத்தில் விரல் நின்றது. “ஆனந்த. தேமாங்காய். அது எப்ப வருது?”

நான் கணக்குப் பார்த்தேன். 2034 சித்திரையில் பிறக்கும். அம்மாவுக்கு அப்போது 93.

அம்மா கொப்பியை இழுத்து, முதல் கீறலுக்கு மேல் ‘ஆனந்த’ என்று எழுதினார். தம்பி தன் காப்பைத் தடவிக்கொண்டே சிரித்தான். செத்தவீட்டுக்கு வந்து இறங்கிய நாளில் இருந்து அவன் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். “பெரியம்மா, அப்ப நீங்களும் என்ரை கட்சிதானே?” என்றான்.

“பென்சிலாலைதான் எழுதியிருக்கு” என்றார் அம்மா.